இரண்டு பேர் பெயரில் ஒரு கணக்கு

அத்தியாயம் பதினொன்று

செவ்வாய்க்கிழமை நெரிஸுக்கு ஓய்வு நாள். வாரத்தில் ஐந்து நாள் லனெத்லி ஊருக்குள் பேருந்து ஓட்டுகிறவள், அன்றைக்கு ரயிலில் பயணியாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அது பெம்புரோக் டாக் போகும் ரயில். அவளுடைய அக்கா மென்னா இருப்பது அங்கேதான். அம்மாவை அடக்கம் செய்த வாரத்தோடு அவர்களுக்குள் பேச்சு நின்றுபோனது. ஐந்து வருஷம் ஆகிறது.

அந்தச் சிவப்பு வரியைப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அவள் இந்த ரயிலில் ஏறியிருக்க மாட்டாள்.

ஒன்பது வருஷமாக அவள் குடியிருக்கும் வீட்டை விற்கப் போவதாக வீட்டுக்காரர் பெய்னன் சொன்னபோது, "வெளியாளுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உன்னைக் கேக்கறேன். ஒரு மாசம்கூட நீ வாடகை பிந்தினதில்ல. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் காத்திருக்கேன்" என்றார். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாகச் சொந்த வீடு என்ற சொல் அவள் பக்கம் வந்தது. வீட்டுக்கடன் ஏற்பாடு செய்து தரும் கார்வின் அவளுடைய கடன் அறிக்கையை வரவழைத்தான். திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"சம்பளம் சரி. சேமிப்பு சரி. இது என்னங்க?"

மூன்றரை வருஷத்துக்கு முந்தைய தேதி. அம்மா முதியோர் இல்லத்தில் இருந்தபோது அவளும் மென்னாவும் சேர்ந்து தொடங்கிய வங்கிக் கணக்கு. அதில் இருப்புக்கு மேல் போன ஐந்நூற்று எண்பது பவுண்ட் ஓவர்டிராஃப்ட். எதிரே சிவப்பில் 'கடன் கட்டத் தவறியவர்' என்ற குறி. அதற்குக் கீழே, பதினான்கு மாதத்துக்கு முன்பு முழுத் தொகையும் கட்டி முடிக்கப்பட்டதாக இன்னொரு வரி. அவள் கட்டவில்லை. ஓவர்டிராஃப்ட் என்ற ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியாது.

வங்கிக்குத் தொலைபேசி செய்தாள்.

"உங்களுக்கு முறையா அறிவிப்பு அனுப்பியிருக்கோம்" என்றது ஒரு குரல்.

"எனக்கு எதுவும் வரலையே."

"எங்க பதிவுல அனுப்பினதா இருக்கு."

"எந்த விலாசத்துக்கு?"

அந்தக் குரல் வாசித்தது மென்னாவின் விலாசத்தை.

"அந்த உறைகள் கிடைக்குமான்னு பாருங்க. பிரிக்காம இருந்தா இன்னும் நல்லது, நீங்க பாக்கலைன்னு அதுவே சாட்சி" என்று கார்வின் சொல்லியிருந்தான். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

எதிர் இருக்கை காலியாக இருந்தது. கார்மார்த்தன் தாண்டியதும் பெட்டியே காலியானது. நெரிஸ் பாலாடைக்கட்டி சாண்ட்விச்சைப் பிரித்துப் பாதி தின்றாள், மீதியைச் சுற்றி வைத்தாள். ஒரு நாளைக்கு முந்நூறு பேர் "நன்றி, டிரைவர்" என்று சொல்லி அவள் பேருந்திலிருந்து இறங்குவார்கள். அத்தனை பேருக்கும் தலையாட்டுவாள். வீட்டுக்கு வந்துவிட்டால் பேசுவதற்கு ஆள் கிடையாது. யோசித்துப் பார்த்தால், இந்த வாரம் அவள் அதிக நேரம் பேசியது வங்கிக்காரர்களிடம்தான்.

*

கதவைத் திறந்தது மென்னாவின் கணவன் கெதின். ஆள் இளைத்திருந்தான். வலது முழங்காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான்.

"நெரிஸா! உள்ள வாம்மா முதல்ல. நனைஞ்ச பூனை மாதிரி நிக்கிறே."

"மென்னா இல்லையா?"

"கேரவன் பூங்காவுக்குப் போயிருக்கா. ஈஸ்டருக்குள்ள நாப்பது கேரவனையும் சுத்தம் பண்ணணுமாம். உக்காரு, டீ போடறேன்."

வீட்டு நடையில் மடித்த அட்டைப்பெட்டிகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள். உட்காரவில்லை.

"டீக்கு வரல கெதின். என் பேர்ல இங்க வந்த தபாலை வாங்கிட்டுப் போக வந்தேன்."

கெதின் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். குழாயை மூடினான். பிறகு, துடைக்கிற துணிகள் இருந்த இழுப்பறையைத் திறந்து, அடியில் கைவிட்டு ரப்பர் வளையம் போட்ட ஒரு தபால் கட்டை எடுத்தான்.

"அனுப்பி வையின்னு நானும் எத்தனையோ தடவ சொல்லிட்டேன். போற வழியில தபாலாபீஸ், ஒரு எட்டு. என் பேச்சை இந்த வீட்ல நாய்தான் கேக்கும். அதுவும் போன வருஷம் செத்துப்போச்சு."

ஏழு உறைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. கண்ணாடித்தாள் வழியாகப் பெயர் தெரிந்தது: செல்வி நெரிஸ் பியூ. கீழே இந்த வீட்டு விலாசம்.

அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். எண்ணி முடித்ததும் கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை; மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

"அப்படி என்ன அவசரம் அவளுக்கு? எதுக்கு எடுத்தா அந்தப் பணத்தை? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"அவ எடுக்கல" என்றான் கெதின் சட்டென்று. "ஒரு பென்னிகூட எடுக்கல. அது கிடங்கு வாடகை."

"என்ன கிடங்கு?"

"உங்கம்மா சாமான் வச்சிருந்தமே, அது."

நெரிஸ் அவனையே பார்த்தாள். "அம்மா சாமானா? ரெண்டே நாள்ல எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டேன்னு என்கிட்ட சொன்னாளே!"

கெதின் தலையைச் சொறிந்தான். "நான் வாயைத் திறந்தாலே வம்புதான். அவகிட்டயே கேட்டுக்கோ. இருபது நிமிஷ நடை."

*

கடலோரச் சரிவில் வரிசை வரிசையாகக் கேரவன்கள் நின்றன, விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கும் சக்கர வீடுகள். ஒன்றிலும் ஆள் இல்லை. தூறலைக் காற்று பக்கவாட்டில் அடித்துக்கொண்டு வந்தது. கடைசி வரிசையில் ஒன்றின் கதவு மட்டும் திறந்திருக்க, படியில் ஒரு வாளி இருந்தது.

உள்ளே மென்னா முழங்காலிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது மூத்தவள். பார்த்தால் பதினைந்து வயது மூத்தவள் போல இருந்தாள். தலையை நிமிர்த்தினாள், வாசலில் நின்றவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஷூவைக் கழட்டிட்டு வா. இப்பதான் துடைச்சேன்."

ஐந்து வருஷம் கழித்து அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

நெரிஸ் ஷூவைக் கழற்றினாள். விரிப்பு இல்லாத மெத்தையின் மேல் தபால் கட்டை வைத்தாள். மென்னா அதைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை மெல்லப் பிழிந்தாள். அதில் தண்ணீர் இல்லை. ஆனாலும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"கெதின் குடுத்தானாக்கும்."

"கிடங்குன்னானே, என்னது அது?"

"அதையும் உளறிட்டானா?"

"மென்னா, எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் நேரம். நான் இருக்கிற வீட்டை வாங்கப் பாக்கறேன். இந்தக் கணக்கால எனக்குக் கடன் குடுக்க மாட்டேங்கறாங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

மென்னா எழுந்தாள். எழுவதற்கு மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"அம்மா இருந்தது நகராட்சி வீடு, காலி பண்ண ரெண்டு வாரம் குடுத்தாங்க. உனக்கு போன் பண்ணேன். என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

நெரிஸுக்கு ஞாபகம் இருந்தது. அடக்கம் முடிந்த மறுநாளே அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பேருந்துப் பணிமனையில் நின்றுகொண்டு பேசினாள். எனக்கு ஒரு கரண்டிகூட வேணாம், நீ என்ன வேணா பண்ணிக்கோ.

"நான் மட்டும் போனேன்" என்றாள் மென்னா. "அந்த வீட்ல தனியா. அலமாரியத் திறந்தா அம்மா கோட்டு. கட்டிலுக்கடியில செருப்பு. ஒண்ணையும் தூக்கிப்போட மனசு வரல. ஒரு கிடங்கு பிடிச்சு எல்லாத்தையும் அப்படியே ஏத்திட்டேன். மாச வாடகை நம்ம கணக்குலேர்ந்து தானா போற மாதிரி பண்ணேன். அம்மாவுக்குன்னு போட்ட காசு அதுல மிச்சமிருந்துச்சே."

"பின்ன ஏன் என்கிட்ட..."

"மூணு நாள் கழிச்சுக் கூப்பிட்டு, 'தையல் மேசையை மட்டும் எனக்கு எடுத்து வையி'ன்னே. கடைக்கு ஆர்டர் குடுக்கற மாதிரி. எனக்கு எரிஞ்சுது பாரு. எல்லாம் போயாச்சுடி, தானமாக் குடுத்துட்டேன்னேன். ஒரு வாரம் உன்னை அழவிட்டுட்டு அப்புறம் சொல்லலாம்னு நெனச்சேன்."

"ஒரு வாரம்."

"நீ அதுக்குள்ள என்னைத் திருடின்னு சொல்லிட்டே."

வெளியே எங்கோ ஒரு கதவு காற்றில் அடித்துக்கொண்டது. மென்னா துணியை மடித்து மேசையில் வைத்தாள்.

"கெதினுக்குப் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை வேலை போச்சு" என்று மென்னா தொடர்ந்தாள். "அந்த அலைச்சல்ல, கணக்குல காசு தீர்ந்தது எனக்குத் தெரியல. தெரிஞ்சப்போ மைனஸ்ல போய், அதுக்கு மேல வட்டி, அதுக்கு மேல கட்டணம். வாடகை நின்னதும் கிடங்குக்காரங்க சாமானை ஏலம் விட்டுட்டாங்க. மொத்தமா, ஒரே ஆளுக்கு. நான் கோவத்துல சொன்ன பொய் ஒன்றரை வருஷத்துல நெசமாயிடுச்சு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உனக்குத் தபால் அனுப்புவேன்?"

நெரிஸ் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தையல் மேசையின் நினைப்பு வந்தது. அதைவிட, அந்த வீட்டில் தனியாக நின்று அலமாரியைத் திறந்த மென்னாவின் நினைப்பு வந்தது.

"கடனை அடைச்சது நீயா?"

"மாசம் இருபது, இருபத்தஞ்சுன்னு கட்டினேன். சனிக்கிழமைல கூடுதலா வேலை பாத்து. கட்டி முடிச்சா உன் பேரும் சுத்தமாயிடும்னு நெனச்சேன்."

"ஆகாது. கட்டினாலும் அந்தக் குறி ஆறு வருஷம் நிக்கும். ரெண்டு பேர் மேலயும்."

மென்னாவின் முகம் வெளுத்தது. "யாரும் அதைச் சொல்லலையே."

"இதுக்குள்ளதான் எழுதியிருக்கும்" என்று நெரிஸ் கட்டைத் தொட்டாள். "பிரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"உன் பேர்ல வந்ததை நான் எப்படிப் பிரிப்பேன்?" என்றாள் மென்னா. ஒளித்து வைத்தவள்தான், ஆனாலும் அந்தக் கேள்வியில் பாசாங்கு இல்லை.

*

கைப்பேசிக்குச் சிக்னல் கிடைத்த இடம் சமையல் மேடை ஜன்னல் மட்டுமே. நெரிஸ் அங்கே நின்று வங்கிக்குப் பேசினாள். இருபத்திரண்டு நிமிஷம் பாட்டு ஓடியது. அதன்பின் ஷெரில் என்ற பெண் பேசினாள். நல்ல சுபாவக்காரியாகத் தெரிந்தது.

"உங்க அக்கா வீட்டு விலாசம்தான் கணக்குல இருந்தது, மேடம். அங்கதான் அனுப்பியிருக்காங்க."

"கணக்கு தொடங்கினப்போ சரி. அதுக்கப்புறம் லனெத்லி கிளைக்கு நேர்ல போய் என் விலாசத்தைப் பதிஞ்சேன். அந்தக் கிளையை மூடறதா எனக்கு ஒரு கடிதம் அனுப்பினீங்க. கையில வச்சிருக்கேன். ஏப்ரல் பதினேழு, லனெத்லி விலாசம். கடன் தவறின அறிவிப்பு ஜூலைல. ஏப்ரல்ல தெரிஞ்ச விலாசம் ஜூலைல எப்படி மறந்துபோச்சு?"

மறுமுனையில் விசைகள் தட்டப்படும் ஓசை நின்றது.

"ஒரு நிமிஷம், மேடம்." நான்கு நிமிஷம் ஆனது. "நீங்க சொல்றது சரிதான். ரெண்டு விலாசமும் பதிவுல இருக்கு. ஆனா ஒண்ணு கேட்டே ஆகணும். உங்க அக்கா அந்தத் தபாலை அப்பவே உங்ககிட்ட குடுத்திருக்கலாம். குடுக்கலைங்கறதுக்கு..."

நெரிஸ் பதில் சொல்வதற்குள் மென்னா ஈரக் கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை வாங்கினாள்.

"நான்தான் அந்த அக்கா. மென்னா ஹார்ரிஸ். அவகிட்ட நான் குடுக்கல. சொல்லவும் இல்ல." அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பேசினாள். "ஏழு தபாலையும் ஒளிச்சு வச்சேன். எங்களுக்குள்ள பேச்சு இல்ல. அவ நல்லா இருக்கட்டும்னுதான் நெனச்சேன், ஆனா கூப்பிட்டுச் சொல்ற தைரியம் வரல. அவ மேல ஒரு தப்பும் கிடையாது. எழுதிக்குங்க."

"எழுதிக்கிட்டேன், மேடம்" என்றாள் ஷெரில் மெல்ல. "குறியை நீக்கினாலும் உங்க தங்கச்சி அறிக்கையிலேர்ந்துதான் நீக்குவாங்க. உங்களோடது அப்படியேதான் இருக்கும். புரியுதுங்களா?"

"இருக்கட்டும். நான் என்ன வீடா வாங்கப் போறேன்?"

உறைகளைப் பிரிக்காமலே படம் எடுத்து அனுப்பச் சொன்னாள் ஷெரில். விசாரிக்க எட்டு வாரம் வரை வங்கிக்கு அவகாசம் உண்டு, ஆனாலும் இன்றைக்கே மேலே அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை என்று குறித்திருக்கிறேன், உறுதி மட்டும் கேட்காதீர்கள் என்றாள்.

ஏழு உறைகளையும் மெத்தையில் பரப்பி நெரிஸ் படம் எடுத்தாள். வெளிச்சம் போதவில்லை. மென்னா திரைச்சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு படமும் முடியும்வரை கையை இறக்கவில்லை.

"ரயில் எத்தனை மணிக்கு?"

"நாலு பத்துக்கு."

"எனக்கு இன்னும் ரெண்டு கேரவன் பாக்கி."

"சரி."

நெரிஸ் ஷூவுக்குள் காலை நுழைத்தாள். கட்டிப்பிடிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மென்னா அதற்குள் வாளியைத் தூக்கியிருந்தாள்.

"நீ என்னைத் திருடின்னு சொன்னது தப்புடி" என்றாள் படியில் நின்று.

"தப்புதான்" என்றாள் நெரிஸ். "நீ சொல்லாம விட்டதும் தப்புதான்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த கேரவனுக்குப் போனாள்.

*

பூங்கா வாசலில் கெதினின் பழைய கார் நின்றது.

"ஏறு. ஸ்டேஷன்ல விடறேன். வைப்பர் வேலை செய்யாது, பயப்படாத."

துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வண்டியை எடுத்தான். பிறகு, "இப்பதான் மென்னா போன் பண்ணினா. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லவே கூடாதுன்னு மிரட்டினா. அதனால சொல்றேன்" என்றான்.

"என்ன கெதின்?"

"எங்க வீட்டுக்காரனும் விக்கறான். மார்ச் கடைசிக்குள்ள காலி பண்ணணும். வாடகைக்குப் போய்க் கேட்ட இடத்துலல்லாம் முதல்ல கடன் அறிக்கைதான் பாக்கறாங்க. அதே குறி. கதவைச் சாத்திடறாங்க. நகராட்சி வீட்டுக்குப் பேர் குடுத்திருக்கோம். எங்களுக்கு முன்னாடி நானூறு குடும்பம்."

வீட்டு நடையில் பார்த்த அட்டைப்பெட்டிகளுக்கு இப்போது அர்த்தம் புரிந்தது.

"அவ கேக்க மாட்டா" என்றான் கெதின். "நானும் கேக்கல. சொன்னேன், அவ்வளவுதான்."

*

டென்பி தாண்டும்போது கார்வின் அழைத்தான். குரலில் உற்சாகம்.

"வங்கிலேர்ந்து ஒரு வரி எழுதி அனுப்பியிருக்காங்க. விலாசக் குழப்பம் உண்மைதான், பரிசீலனையில இருக்குன்னு. விண்ணப்பத்தை உள்ள போட இது போதும். முடிவு அவங்க கையில. ஆனா இன்னொரு வேலை இருக்கு. சேர்ந்து கணக்கு வச்சதால உங்க அறிக்கையோட உங்க அக்கா அறிக்கையும் பிணைஞ்சிருக்கு. அதை வெட்டச் சொல்லி ஒரு படிவம் அனுப்பியிருக்கேன். இப்பவே நிரப்புங்க. இல்லாட்டி அவங்க குறியும் உங்க கணக்குலதான் சேரும்."

அழைப்பில் இருந்தபடியே படிவத்தைத் திறந்தாள், சிறியதுதான். யாருடனான இணைப்பை நீக்க வேண்டும்? மென்னா ஹார்ரிஸ். உறவு? சகோதரி. இவருடன் உங்களுக்கு இனி ஏதேனும் பணத் தொடர்பு உள்ளதா?

ஜன்னலில் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் முகம்தான் அதில் தெரிந்தது. இத்தனை வருஷமாக, அவளுக்கே தெரியாமல், எங்கோ ஒரு பதிவேட்டில் அவளும் மென்னாவும் சேர்ந்தே இருந்திருக்கிறார்கள். பேச்சில்லாத காலம் முழுவதும். அவளுக்கு ஒரு துணை இருந்ததாக உலகத்தில் எழுதி வைத்திருந்த ஒரே இடம் அது.

'இல்லை' என்பதைத் தொட்டாள். அனுப்பினாள். உங்கள் கோரிக்கை பெறப்பட்டது என்று வந்தது.

"வந்துடுச்சு" என்றான் கார்வின். "பிரமாதம். இனி விண்ணப்பத்துல ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. உங்களைத் தவிர அந்த வீட்ல குடியிருக்கப் போற பெரியவங்க யாராவது உண்டா? யாருமில்லைன்னு போட்டுடறேன். நீங்க தனிதானே?"

பெட்டியில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் நெரிஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தக் கட்டத்தை மட்டும் இப்ப நிரப்பாதீங்க."

"வியாழக்கிழமை காலைல அனுப்பியாகணுமே! யார் பேரைப் போடணும்னு சொன்னா..."

"நாளைக்குச் சொல்றேன், கார்வின். முதல்ல நான் அவங்களைக் கேக்கணும். அவங்க சம்மதிப்பாங்களான்னே எனக்குத் தெரியல."